வாசகர் கேள்வி: பேசி முடித்த பின் வரும் வெறுமை

கேள்வி: ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் நான். மனைவி காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கனடாவிலுள்ள பிள்ளைகள் நாள்தோறும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள். ஆயினும், பேசி முடித்ததும் வீடு முன்னிலும் வெறுமையாகத் தோன்றுவது ஏன்?
– வாசகர், உவர்மலை, திருகோணமலை

பதில்: ஐயா, பிள்ளைகளின் அன்பில் குறையில்லை. ஆனால் இரவு நீங்கள் இருமியதையோ, காலையில் உங்கள் படலை திறக்கப்படாததையோ அறியக்கூடியவர் அயலவர் மட்டுமே. கிடுகு வேலியில் ஒரு பொட்டு (சிறு திறப்பு) வைத்து, அதன்வழியே கறியும் கதையும் பரிமாறிய நாம், மதிலை உயர்த்திக் கட்டியபோது இழந்தது இந்தக் கவனிப்பைத்தான் என்பது என் உறுதியான எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்படுவதாகவும், ஆண்டுதோறும் 871,000க்கும் மேற்பட்ட மரணங்கள் அதனோடு தொடர்புடையன என்றும் மதிப்பிட்டுள்ளது. ஆகவே உங்கள் வருத்தத்தை வயோதிபத்தின் இயல்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

புதிய நண்பர்களைத் தேடி அலையவேண்டியதில்லை. டச்சுக் குடாக் கடற்கரைக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில் சென்று ஒரே இடத்தில் அமருங்கள். திரும்பத் திரும்பக் காணும் முகங்கள் சில வாரங்களில் தாமாகவே நலம் விசாரிக்கத் தொடங்கும். அதைவிட மேலாக, ரியூசனுக்கு வசதியற்ற அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவருக்கு உங்கள் விறாந்தையில் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்களை எதிர்பார்த்து யாரேனும் வருவதே இப்போது அந்த வீட்டுக்குத் தேவை. உங்கள் பகுதி முதியோர் சங்கம் பற்றிக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்கலாம். உறக்கமும் பசியும் குன்றினால், தாமதியாமல் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.