எம்.எஸ். நோயாளிகளின் எதிர்ப்புச் செல்களை ஏன் இவ்வளவு ஆராய்கிறார்கள்?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்பது உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் செல்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய். அந்த உறையின் பெயர் மயலின்.

குலசேகரம் பக்கம் முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். வயருக்கு ரப்பர் உறை எப்படியோ, நரம்புக்கு மயலின் அப்படி. அணில் கொறித்த வயரில் பல்பு மினுக் மினுக்கென்று எரியுமே, அதுபோல ஒரு கண் மங்கும், கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். பலருக்குச் சில வாரங்களில் தானாகவே குறையும், அப்புறம் திரும்ப வரும். (நடுவில் வர்மத் தைலம் தேய்த்திருந்தால் பெயர் தைலத்துக்குத்தான்!)

இங்கே கொறிப்பது வெளி அணில் இல்லை, வீட்டு ஆள். அதனால்தான் ஆராய்ச்சி அங்கே போகிறது. முதலில் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள்மேல்தான் சந்தேகம். இன்னொரு வகையான பி செல்களைக் குறைக்கும் ஆக்ரெலிசுமாப் என்ற மருந்து நோய் திரும்புவதைக் குறைத்து, 2017இல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது; இப்படி கவனம் பி செல் பக்கமும் திரும்பியது. 2022இல் வந்த ஓர் ஆய்வு ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளைப் பார்த்தது. அந்த பி செல்களுக்குள்ளேயே தங்கிவிடும் எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியபின் எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது.

வைரஸ் என்றதும் நோயாளியின் தட்டையும் டம்ளரையும் தனியே வைக்க வேண்டாம்: பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் அந்த வைரஸ் ஏற்கெனவே இருக்கிறது, எம்.எஸ். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.