டீசல் ஊறிய நிலமும் கிணறும்

கேள்வி: எங்கள் நிலத்தை ஒட்டியுள்ள தொழிற்சாலையின் நிலத்தடி டீசல் தொட்டி கசிந்ததால், வரப்போரம் மண் கறுத்துப் பயிர் மஞ்சளாகிறது. கிணற்று நீரில் படலம் மிதக்கிறது. மாடுகளும் அதைத்தான் குடிக்கின்றன. புதுமண் கொட்டி ஆழ உழுதுவிடலாமா? கிணற்றை இறைத்து வற்றவைத்தால் சரியாகுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆழ உழுதால் மேலே நிற்கும் எண்ணெய் கீழே இறங்கும். கிணற்றை இறைத்தாலோ, சுற்றுப்புறத்து எண்ணெயெல்லாம் கிணற்றை நோக்கி வரும். நீர்மட்டம் இறங்கி ஏறும்போது இடைப்பட்ட மண்ணிலும் எண்ணெய் பூசிக்கொள்ளும். தொட்டியின் கசிவை அடைக்காதவரை கீழே சொல்லும் எதுவும் பயன்தராது என்பதால், அதை எழுத்து மூலம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாடுகளுக்கு இன்றே வேறு தண்ணீர் காட்டுங்கள். எண்ணெய் குடித்த மாட்டுக்கு வாய்வழியாக எதையும் புகட்டாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விட்டால் வரும் அழற்சிதான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. இருமலோ மூச்சிரைப்போ தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

படலம் எண்ணெய்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து மிகுந்த நீரிலும் நுண்ணுயிர்களால் வானவில் நிறத்தில் ஏடு படியும். குச்சியால் கலைத்தால் அது சில்லுசில்லாக உடைந்து அப்படியே நிற்கும். எண்ணெய்ப் படலமோ உடனே மீண்டும் கூடிக்கொள்ளும். வாளியில் மொண்டு வெளியே வைத்துப் பாருங்கள். ஆவி தேங்கியிருக்கக்கூடும் என்பதால் கிணற்றுக்குள் இறங்கவோ, அருகே தீ மூட்டவோ கூடாது.

மண்ணைப் பொறுத்தவரை நம்பிக்கை உண்டு. டீசலைத் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலான மண்ணில் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றுக்குக் குறைவது காற்றும் தழைச்சத்தும்தான். உங்கள் பயிர் மஞ்சளாவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையும் வேர்க்காற்றையும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. எனவே கறுத்த மண்ணை வெட்டியெடுத்து, கனமான பிளாஸ்டிக் விரிப்பின்மீது 15 முதல் 30 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, சுற்றிலும் கரை கட்டி, மழை படாமல் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கையில் பிடித்தால் உருண்டையாகும், ஆனால் நீர் சொட்டாத ஈரம் போதும். கரி (கார்பன்), தழைச்சத்து, மணிச்சத்து ஆகியவை 100:10:1 என்ற விகிதத்தில் இருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. ஒரு டன் மண்ணில் 1 விழுக்காடு, அதாவது 10 கிலோ எண்ணெய் இருந்தால், அதிலுள்ள கரி சுமார் 8.5 கிலோ, அதற்கு யூரியா ஏறத்தாழ 1.8 கிலோவும், சூப்பர் பாஸ்பேட் ஏறத்தாழ 1.2 கிலோவும் தேவைப்படும். ஒரே தவணையில் கொட்டினால் உப்பு ஏறி நுண்ணுயிர்களே வாடும் என்பதால் நான்கைந்து தவணையாகப் பிரித்துப் போடுங்கள். எண்ணெய் 5 விழுக்காட்டைத் தாண்டிய மண்ணில் இம்முறை எடுபடாது. நல்ல மண் கலந்து குறைத்த பிறகே தொடங்க வேண்டும். புட்டியில் விற்கும் நுண்ணுயிர்க் கலவைகளுக்குப் பணம் செலவழிப்பதைவிட, கிளறுவதற்கு ஆள் வைப்பது மேல் என்பது என் கருத்து. வெப்பமான காலத்தில் டீசல் சில மாதங்களில் வெகுவாகக் குறையும். கனத்த கழிவெண்ணெய்க்கு ஆண்டுகள் ஆகலாம்.

நிலத்தடி நீரைச் சுத்தம் செய்வது உங்கள் வேலையல்ல, தொட்டிக்கு உரியவரின் பொறுப்பு. கண்காணிப்புக் குழாய்கள் இறக்கி, மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, பிறகு நீர்ப்படுகைக்குள் காற்றைச் செலுத்துவது வழக்கமான முறை. மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சும் முறை பெட்ரோலுக்கு நன்றாகவும், எளிதில் ஆவியாகாத டீசலுக்குக் குறைவாகவும் பயன்படும்.

நாற்றம் போனதை வைத்து விதைத்துவிடாதீர்கள். ஒரு தொட்டியில் இந்த மண்ணையும் இன்னொன்றில் நல்ல மண்ணையும் நிரப்பி, ஒரே பயற்றைத் தலா 20 விதை ஊன்றி, முளைப்பும் வேரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். அதோடு மண்ணில் எஞ்சியுள்ள எண்ணெயைக் காட்டும் மொத்த ஹைட்ரோகார்பன் அளவையும் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். கிணற்று நீரில், எரிபொருள் எண்ணெயிலிருந்து கலக்கும் நச்சுப்பொருளான பென்சீனையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிநீரில் அது லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. மாதிரியைப் பிளாஸ்டிக் புட்டியில் எடுக்காமல், ஆய்வகம் தரும் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, குளிர்ச்சியாக வைத்து அன்றே கொண்டுபோய்ச் சேருங்கள்.