முகாமையாளரைக் கலைப்பதா, வைத்திருப்பதா? – உதைபந்தாட்டக் கேள்வி பதில்

பிரீமியர் லீக்கின் வழக்கமான சனிக்கிழமைப் போட்டிகள் இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும்போது இலங்கையில் நமக்கு இரவு 7.30 மணி, அங்கே குளிர்காலமானால் 8.30 மணி. ஆகவே ஒரு தோல்விக்கான விசாரணையும் தீர்ப்பும் கல்லடியிலிருந்து கல்முனை வரை அன்றிரவே, கொத்துரொட்டி ஆறுவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: அணியை நடத்தும் முகாமையாளரைக் கலைக்க வேண்டும், அதாவது பதவியிலிருந்து துரத்த வேண்டும். பாடசாலை அணிகளை நீண்டகாலம் பயிற்றுவித்தவன் என்பதால் இது குறித்து என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து ஒரு மன்செஸ்டர் யுனைட்டெட் ரசிகர்: சேர், 26 வருடங்களுக்கு மேல் முகாமையாளராக இருந்த பேர்குசன் 2013இல் போன பிறகு எத்தனையோ பேரை மாற்றிவிட்டோம். இன்னும் எத்தனை பேரை மாற்றினால் சரிவரும்?

எண்ணிக்கையை விட, மாற்றப்பட்ட ஒழுங்கைப் பாருங்கள். 2013இல் ஆறு வருட ஒப்பந்தத்தோடு வந்த மோயஸ் 2014 ஏப்ரலில் நீக்கப்பட்டார். பந்தைத் தம்மிடமே வைத்திருந்து பொறுமையாக ஆடும் வான் ஹால் வந்தார்; 2016இல் இங்கிலாந்துக் கழகங்களின் எப்.ஏ. கிண்ணத்தை வென்று இரண்டே நாட்களில் வெளியேற்றப்பட்டார். அவருக்கு நேரெதிராக, பின்வாங்கிக் காத்திருந்து தாக்கும் மொரீனியோ வந்தார். அவர் 2018 டிசம்பரில் போனதும் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற சோல்ஷெயர், முதல் 19 போட்டிகளில் 14 வெற்றிகளைக் கண்டார். அந்த வெற்றிகளே 2019 மார்ச்சில் அவருக்கு நிரந்தரப் பதவியைப் பெற்றுக்கொடுத்தன. பிறகு ரங்னிக், பிறகு டென் ஹாக், பிறகு அமோரிம். ஒவ்வொருவருடைய ஆட்டமுறையும் முன்னவருடையதிலிருந்து மாறுபட்டது. ஒவ்வொருவரும் தமக்கேற்ற வீரர்களைக் கேட்டார்கள். முன்னவர் கேட்டு வாங்கிய வீரர்களோ பெரிய சம்பளத்தோடு அங்கேயே இருந்தார்கள். நான்கு மேசன்மார் நான்கு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒரே வீட்டைக் கட்டினால் எப்படியிருக்கும்?

இவற்றிலெல்லாம் மோசமானதென்று நான் கருதுவது டென் ஹாக் விடயத்தில் நடந்ததைத்தான். அவரை நீக்கியது பிழையென்று நான் சொல்லவில்லை. 2024 ஜூலையில் ஒப்பந்தத்தை நீடித்து, கோடையில் வீரர்களை வாங்கிக்கொடுத்து, ஒக்டோபர் 28ஆந் திகதி நீக்கினார்களே, அதைத்தான் சொல்கிறேன். அவருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் நட்டஈடாக ஒரு கோடி பவுண்டுக்கு மேல் போனது. அமோரிமை லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கழகத்திலிருந்து விடுவிக்க 1 கோடியே 10 லட்சம் யூரோ கொடுக்க வேண்டியிருந்தது. பின்களத்தில் மூவரை நிறுத்தி ஆடுபவர் அவர். நால்வரை நிறுத்துவதற்காகச் சேர்த்த அணியை, பருவத்தின் நடுவில், பயிற்சிக்கு நேரமே இல்லாத மாதங்களில் அவரிடம் ஒப்படைத்தார்கள். 2024–25 பருவம் 42 புள்ளிகளோடு 15ஆம் இடத்தில் முடிந்தது. அமோரிமின் பிடிவாதத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பெரிய பங்கு, ஜூலையில் ஒன்றையும் ஒக்டோபரில் இன்னொன்றையும் தீர்மானித்தவர்களுக்கே உரியது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து: பேர்குசனுக்குக் காலம் கொடுத்தார்கள், 13 தடவை சம்பியனானோம். எல்லோருக்கும் அப்படிக் காலம் கொடுத்தால் என்ன?

இந்த வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழும்: காலம் கொடுத்தும் உருப்படாமல் போன முகாமையாளர்களின் பெயர்களை ஏன் எவரும் சொல்வதில்லை? அவர்களை நாம் மறந்துவிட்டோம். வென்றவர் மட்டும் உதாரணமாக நிற்கிறார்.

ஆயினும் பேர்குசனின் ஆரம்ப வருடங்களை ஊன்றிப் பார்ப்பது பயனுள்ளது. 1986 நவம்பரில் வந்தவர், அந்தப் பருவத்தை 11ஆம் இடத்தில் முடித்தார். அடுத்தடுத்த பருவங்களில் 2ஆம், 11ஆம், 13ஆம் இடங்கள். 1989 செப்டெம்பரில் மன்செஸ்டர் சிட்டியிடம் 5–1 எனத் தோற்றார். 1990இன் எப்.ஏ. கிண்ணம் அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. லீக் பட்டமோ 1993இல்தான், கழகத்துக்கு 26 வருடங்களின் பின்னர் கிடைத்தது. ஆனால் தோற்றுக்கொண்டிருந்த அந்த வருடங்களிலும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத வேலைகள் நடந்தன. இளம் வீரர்களைத் தேடும் ஆட்களைப் பெருக்கினார், வீரர்களிடையே இருந்த குடிப்பழக்கத்துக்கு முடிவு கட்டினார், அணியின் உள்ளொழுங்கையே மாற்றினார். நிருவாகம் அவரை வைத்திருந்தது வெறும் பொறுமையினால் அல்ல. அந்த வேலைகளை அது கண்ணால் கண்டது. ஆகவே காலம் கொடுப்பதா என்று கேட்பவர், கொடுத்த காலத்தில் என்ன கட்டப்படுகிறது என்பதையும் சேர்த்தே கேட்கவேண்டும். ஒன்றும் கட்டப்படவில்லையென்றால் இன்னும் ஒரு வருடம் கொடுப்பது தோல்வியை நீடிப்பதாகவே முடியும்.

வாழைச்சேனையிலிருந்து: புதியவர் வந்தவுடன் அணி வெல்லத் தொடங்குகிறதே, அது மாயையா?

பாதி மாயை. ஒல்லாந்தின் முதற்தர லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த முகாமையாளர் மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். மாற்றத்தின் பின் பெறுபேறுகள் ஏறியது உண்மைதான். ஆனால் அதேயளவு சரிவைக் கண்டும் முகாமையாளரை மாற்றாத கழகங்களும் ஏறக்குறைய அதேபோல எழுந்துவிட்டன. ஆட்களைக் கலைப்பது சரிவின் அடிமட்டத்தில்தான். அடிமட்டத்துக்குப் போன அணிக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை.

நமது வயல்களில் இதைக் கண்டிருக்கிறோம். வெள்ளம் அடித்த போகத்தின் நட்டத்துக்கு வயலைப் பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரனைக் கலைத்துவிட்டு, அடுத்த போகம் மழை அளவாகப் பெய்து விளைந்ததும் புதிய முல்லைக்காரனின் கைராசி என்று சொல்லும் வயற்சொந்தக்காரப் போடியார்மார் எந்த ஊரில்தான் இல்லை?

2022 ஏப்ரலில் பேர்ன்லி கழகம், எட்டுப் போட்டிகளே மீதமிருந்தபோது ஷோன் டைஷை நீக்கியது. முதல் நான்கு போட்டிகளில் மூன்று வெற்றி, ஒரு சமநிலை, ஊரே கொண்டாடியது. கடைசி நான்கில் கிடைத்தது ஒரேயொரு புள்ளி, கழகம் கீழ்ப்பிரிவுக்குத் தரமிறங்கியது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு செல்சி ரசிகர்: ஆனால் எங்களுக்கு மாற்றித்தானே கிண்ணங்கள் வந்தன?

வந்தன, மறுப்பதற்கில்லை. 2012 மார்ச்சில் வில்லாஸ் போவாஸை நீக்கிவிட்டு டி மத்தேயோவைப் பொறுப்பாக்கினார்கள். மே மாதத்தில் எப்.ஏ. கிண்ணமும் சாம்பியன்ஸ் லீக்கும் கையில். 2021 ஜனவரியில் லம்பார்ட் போய் டுக்கல் வந்தார். மே 29இல் போர்ட்டோவில் சிட்டியை 1–0 என வென்று மீண்டும் ஐரோப்பியச் சம்பியன்கள். இரண்டு தடவையும் அணியில் தரம் இருந்தது, வீரர்களை அடுக்கியதில்தான் பிழை இருந்தது. டுக்கல் வந்தவுடன் பின்களத்தில் மூவரை நிறுத்தி, கோல் விடுவதைக் குறைத்தார். அதே வீரர்கள் வேறு அணிபோல் ஆடினார்கள். நோய் அடுக்கில் இருந்தால் ஆளை மாற்றுவது மருந்தாகும்.

அதே லம்பார்ட் 2023 ஏப்ரலில் தற்காலிகமாகத் திரும்பி வந்தபோது 11 போட்டிகளில் ஒன்றை மட்டுமே வென்றார். அப்போது நோய் வேறு: வீரர்களை வாங்கி விற்கும் இரண்டு மாற்றுக் காலங்களில் கணக்கில்லாமல் வாங்கிக் குவித்த வீரர்களும், உடைமாற்றும் அறையில் இடம் போதாத கூட்டமும்.

ஆரையம்பதியிலிருந்து: முகாமையாளர், பயிற்றுவிப்பாளர் – இரண்டும் ஒன்றா?

நம் ஊர்க் கழகங்களில் முகாமையாளர் என்பவர் வாகனம் பிடித்து, வீரர் அட்டைகளைச் சரிபார்த்து, தண்ணீர்ப் போத்தலையும் கவனிப்பவர். பயிற்சி கொடுப்பவர் வேறொருவர். இங்கிலாந்தின் பழைய வழக்கில் முகாமையாளரே பயிற்சியும் கொடுத்து, யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதையும் தீர்மானித்தார். பேர்குசன் அந்தத் தலைமுறை. இப்போது பல கழகங்கள் தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்ற பெயரில் மைதானத்தை மட்டும் அவரிடம் கொடுத்து, வாங்குதல் விற்றலை இயக்குநர் ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகின்றன. அமோரிம் பெற்ற பதவியும் தலைமைப் பயிற்றுவிப்பாளரே. வாங்கும் அதிகாரம் இல்லாதவரிடம் வாங்கிய வீரரைப் பற்றிக் கணக்குக் கேட்பது நியாயமாகாது.

ஏறாவூரிலிருந்து: லெஸ்டருக்குப் பட்டம் வென்று கொடுத்த ரனியேரியை ஒன்பது மாதத்தில் துரத்தினார்களே, அது நன்றிகெட்ட செயல் இல்லையா?

நன்றிகெட்டதுதான், ஆனால் கணக்கின்படி பிழையென்று சொல்ல முடியவில்லை. 2016இல் சம்பியனான அணி, 2017 பெப்ரவரியில் தரமிறங்கும் எல்லைக்கு ஒரே ஒரு புள்ளி மேலே நின்றது. கான்டேயைச் செல்சிக்கு விற்ற பிறகு நடுக்களத்தில் அந்த ஓட்டத்தை ஓட ஆளில்லை. அதற்கு ரனியேரி மட்டும் பொறுப்பல்ல. உதவியாளர் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்று, லீக்கில் தொடர்ந்து ஐந்து போட்டிகளை வென்று, 12ஆம் இடத்தில் முடித்தார். அதே ஷேக்ஸ்பியரையும் ஒக்டோபரில் நீக்கிவிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது.

டொட்டன்ஹாமின் கதை இன்னும் விசித்திரமானது. 2025 மேயில் போஸ்டெகொக்லு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணமான ஐரோப்பா லீக்கை வென்று, 2008இன் பின் கழகத்துக்கு முதற் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். அதே பருவத்தில் லீக்கில் 22 போட்டிகளில் தோற்று 17ஆம் இடம். பதினாறு நாட்களில் பதவி போயிற்று. ஒரு கிண்ணம் ரசிகரின் வாழ்நாளில் நிற்கும், 17ஆம் இடம் அடுத்த வருடமே மறந்துபோகும். ஆகவே ரசிகராக இருந்தால் நான் வைத்திருக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் 38 போட்டிகள் காட்டுவதை ஒரு மாலைப்பொழுது அழித்துவிடாது என்று நிருவாகம் கருதியதையும் விளங்கிக்கொள்கிறேன்.

மருதமுனையிலிருந்து ஒரு ஆர்செனல் ரசிகை: அர்டெட்டாவை 2021இல் நீக்காதது சரிதான் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அன்றே அதை எப்படி அறிந்திருக்கலாம்?

நல்ல கேள்வி, தங்கச்சி. 2021 ஓகஸ்டில் முதல் மூன்று போட்டிகளிலும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை, சிட்டியிடம் 5–0, புள்ளிப்பட்டியலில் கடைசி இடம். அதற்கு முந்திய இரண்டு பருவங்களும் 8ஆம் இடம். வீட்டுக்கு அனுப்புவதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

ஆனால் மூன்றாவது தோல்வியின்போது பார்க்கவேண்டிய வேறு விடயங்கள் இருந்தன. வாங்கப்பட்டவர்கள் எல்லோரும் இளையவர்கள், ஒரே ஆட்டமுறைக்குப் பொருந்துபவர்கள். ஒடேகார்ட், வைட், ரம்ஸ்டேல் என அவர்களுடைய தெரிவில் ஓர் ஒழுங்கு இருந்தது. பெரிய பெயருடையவர்களாயினும் ஒழுங்குக்கு வராதவர்களை அவர் ஒதுக்கினார், நிருவாகம் அவருக்குப் பின்னால் நின்றது. அந்தப் பருவம் 5ஆம் இடம். அதற்கடுத்த மூன்று பருவங்களும் 2ஆம் இடம்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. உருவாக்கிய வாய்ப்பு ஒவ்வொன்றையும் அது கோலாகும் சாத்தியத்தைக் கொண்டு அளந்து கூட்டுவதை எதிர்பார்க்கப்படும் கோல் என்கிறார்கள்; பெனால்டி ஒன்றுக்கு ஏறத்தாழ முக்கால் கோல் என்பது கணக்கு. வாய்ப்புகளில் முன்னின்றும் தோற்கும் அணிக்குப் பொறுத்திருக்கலாம். வாய்ப்புகளே உருவாகாமல், எதிரணிக்கும் தாராளமாகக் கொடுத்துக்கொண்டு, கோல்காப்பாளரின் புண்ணியத்தில் வெல்லும் அணியின் முகாமையாளரைத்தான், வென்றுகொண்டிருக்கும்போதே சந்தேகிக்க வேண்டும். நம்மவர்கள் செய்வது இதற்குத் தலைகீழ்.

கல்முனையிலிருந்து: தரமிறங்கியும் முகாமையாளரை வைத்திருந்த கழகம் உண்டா?

ஜேர்மனியின் பிரைபேர்க். கிறிஸ்டியன் ஸ்ட்ரைக் என்பவர் 2011இன் இறுதியில் பொறுப்பேற்றார், 2015இல் அணி தரமிறங்கியது, வைத்திருந்தார்கள், 2016இல் இரண்டாந்தரச் சம்பியனாகத் திரும்பியது, 2022இல் ஜேர்மன் கிண்ண இறுதிப்போட்டிவரை போனது. 2024இல் அவராகவே விடைபெற்றார். சிறிய கழகம், சிறிய செலவு, தம் எல்லையை அறிந்த நிருவாகம்.

திருக்கோவில் பக்கத்திலிருந்து ஒரு கழகச் செயலாளர்: ஐயா, எங்கள் கழகம் இந்த வருடம் நான்கு சுற்றுப்போட்டிகளிலும் முதற்சுற்றிலேயே வெளியேறிவிட்டது. பயிற்றுவிப்பாளரை மாற்றவேண்டுமென்று உறுப்பினர்கள் நிற்கிறார்கள். அவர் சம்பளம் வாங்குவதில்லை. என்ன செய்வது?

முதலில், சம்பளம் இல்லாமல் உழைத்த ஒருவரைப் பொதுக்கூட்டத்தில் வைத்து விசாரிக்காதீர்கள். அவரோடு தனியே பேசுங்கள். கூட்டத்துக்கு முன்னர் இரண்டு தாள்களை ஆயத்தம் செய்யுங்கள். ஒன்று, பயிற்சிக்கு வந்தவர்களின் வரவுப் பதிவு. மற்றது, நான்கு போட்டிகளிலும் இறங்கிய பதினொருவரின் பெயர்கள். கடலுக்குப் போனவர், வெள்ளாமை வெட்டுக்குப் போனவர், வெளிநாடு போனவர் என ஒவ்வொரு போட்டிக்கும் நான்கைந்து பேர் மாறியிருந்தால், எவரைக் கொண்டுவந்தாலும் அந்த அணி ஆடாது. பயிற்சி நேரத்தை மாற்றுவதுதான் உங்களுடைய வேலை.

ஒரே பதினொருவர் ஒழுங்காகப் பயிற்சிக்கும் வந்து, நான்கு தடவையும் ஒரே மாதிரியான கோலை விட்டுத் தோற்றிருந்தால், உதாரணமாக மூலை உதையிலிருந்து வரும் பந்தை எவரும் பொறுப்பெடுக்காமல் விட்டிருந்தால், அது பயிற்சியின் குறை. அப்போதும் முதலில் ஓர் உதவியாளரைச் சேர்த்துப் பாருங்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால், மாரி மழையில் மைதானம் தண்ணீருக்குள் கிடக்கும் மாதங்களில் மாற்றுங்கள். புதியவருக்கு வீரர்களை அறிய அவகாசம் கிடைக்கும். யாரைக் கொண்டுவருவது என்பதற்குப் பெயர் இல்லாத கூட்டத்தில், இருப்பவரை நீக்கும் தீர்மானத்தை எடுக்க விடாதீர்கள்.

செங்கலடியிலிருந்து: நீங்கள் எந்தக் கழகத்தின் ரசிகர்? எப்போதாவது அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொன்னதுண்டா?

மன்செஸ்டர் யுனைட்டெட்தான். 1989இல் சனிக்கிழமை இரவுகளில் வானொலியில் பிபிசி உலக சேவையின் பெறுபேறுகளைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன். மன்செஸ்டர் சிட்டியிடம் ஐந்து கோல் வாங்கிய அன்று, பெறுபேற்றுக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ‘இவரை இன்றைக்கே கலைக்க வேண்டும்’ என்று எழுதினேன். கொப்பி வெள்ளத்தில் போய்விட்டது. அதை வாசித்த தம்பி மட்டும் இன்னும் மறக்கவில்லை.