பாறை ஏறப் பழக முதலில் என்ன வாங்குவது?

கேள்வி: நானும் நண்பனும் மேலூர்ப் பக்கம். கயிறு இல்லாமல் சிறு பாறைகளில் ஏறும் போல்டரிங் பழக ஆசை. ஷூ விலை அதிகமாக இருக்கிறது. வீட்டுப் பஞ்சு மெத்தையைக் கீழே போட்டுத் தொடங்கலாமா? எந்தப் பாறை நல்லது?

பதில்: பஞ்சு மெத்தை வேண்டாம். குதித்ததும் பஞ்சு விலகி, பாதம் ஒரு பக்கமாகப் புதைந்து கணுக்கால் பிசகும். இதற்கென்றே விற்கும் கிராஷ் பேட் மெத்தையில் மேலே கெட்டி நுரை, உள்ளே மென்நுரை. கெட்டி நுரை அடியைப் பரப்பிவிடும், மென்நுரை வாங்கிக்கொள்ளும். இருவரும் பணம் சேர்த்து முதலில் அதை வாங்குங்கள், ஷூ பிறகு வரட்டும். கை வியர்வைக்கு மெக்னீசியம் கார்பனேட் பொடிதான் சரி. முகப்பவுடர் வழுக்கும்.

பாறைக்கு வருவோம். நம் பக்கத்துப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக உரியும். பார்க்க அருமையான பிடியாகத் தெரிவது, பாதி கழன்ற பொருக்காக இருக்கும். அதனால் பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் அதில் கை வைக்காதீர்கள். மழை பெய்த மறுநாளும் போக வேண்டாம், பொருக்குக்கு அடியில் ஈரம் தங்கியிருக்கும். கைவிட்ட குவாரிச் சுவர்கள் பக்கமே போகாதீர்கள். வெடி வைத்த பாறையில் உள்விரிசல் எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது.

கரட்டோரம் தனியாகக் கிடக்கும் கல்லாக, பின்பக்கம் நடந்தே இறங்க வழியுள்ளதாகப் பாருங்கள். இறங்கும் வழி தெரியாத கல்லில் ஏறவே கூடாது. தொடக்கத்தில் உங்கள் பாதம் தரையிலிருந்து உங்கள் ஆள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். அந்த உயரத்திலிருந்து முழங்கால் மடக்கி, கையைப் பின்னால் ஊன்றாமல் விழப் பழகுங்கள். கீழே நிற்பவர் உங்களைத் தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது. இடுப்பை மெத்தைப் பக்கம் திருப்பிவிட்டு, தலை கல்லில் மோதாமல் பார்த்துக்கொண்டால் போதும். மார்கழி, தை மாதக் காலை நேரம் தோதானது. பாறை சூடேறினால் விரல் வியர்த்துப் பிடி நழுவும்.

யானைமலை, அரிட்டாபட்டி, கீழவளவு குன்றுகளை விட்டுவிடுங்கள். அங்கே சமணர் கற்படுக்கைகளும் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன. கைப்பொடியும் ஷூ உரசலும் அந்த எழுத்துகளுக்கு ஆகாது. அரிட்டாபட்டி 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, வல்லூறுகள் வாழும் இடம். பட்டா நிலத்துக் கல் என்றால் உரிமையாளரிடமும், ஊர்ப் பொதுக்கல் என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுவிட்டு ஏறுங்கள். எந்தக் கல்லில் சாமி இருக்கிறது, எதில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது என்பதையும் அவர்களே சொல்வார்கள்.