சோட்டுவும் அப்ரண்டிஸும்

வணக்கம் ஐயா,

தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்குப் பதினாறு வயது. இந்த வருடம் பத்தாவதில் 57 சதவீதம். கணக்கில் மட்டும் நல்ல மார்க். மேலே படிக்க மாட்டேன், கைவேலை கற்றுக்கொள்கிறேன் என்கிறான். வெறும் வாய்ப்பேச்சு இல்லை. அம்மாவின் தையல் மெஷினை இரண்டு தடவை முழுசாகக் கழற்றி மாட்டியிருக்கிறான். இரண்டாவது தடவை ஒரு ஸ்க்ரூ மிச்சமாகிவிட்டது. ஆனாலும் மெஷின் ஓடுகிறது.

அப்பா தோல் பட்டறையில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு முடிக்காதவனை இந்த ஊரில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் பேச்சு. மாமாவுக்கு சாக்கிநாக்காவில் சின்ன ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப், ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். “என்கிட்ட அப்ரண்டிஸா அனுப்பு, மாசம் நாலாயிரம் தர்றேன்” என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணனோ மஸகான் டாக் கப்பல் கட்டும் தளத்தில் அப்ரண்டிஸ் எடுப்பார்கள், அதற்கு எழுதட்டும் என்கிறார். பெரியம்மா, அப்ரண்டிஸ் என்றால் படிப்பு ஏறாதவன் போகிற இடம் என்று சொல்லி அம்மாவை அழவைத்துவிட்டார்.

யார் பேச்சைக் கேட்பது? பெயரைப் போட வேண்டாம், மாமா படிப்பார்.

வாசகி, தாராவி

---

வணக்கம்.

மிச்சமான அந்த ஸ்க்ரூவை எங்கே வைத்திருக்கிறான் என்று தம்பியிடம் கேட்டுப் பாருங்கள். எடுத்து பத்திரமாக வைத்திருந்தால் எனக்கு அவன்மேல் பெரிய நம்பிக்கை வரும்.

உங்கள் வீட்டில் இப்போது ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான்கு பேர் நான்கு விஷயம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மாமா சொல்லும் அப்ரண்டிஸ் வேறு, மஸகான் டாக் அப்ரண்டிஸ் வேறு. மாமா கேட்பது ஒரு சோட்டுவை.

சோட்டு யாரென்று மும்பைக்காரரான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊரில் எந்தக் கார்கானாவுக்குள் நுழைந்தாலும் ஒரு சின்னப் பையன் இருப்பான். டீ வாங்கி வருவான், இரும்புத் தூளைக் கூட்டுவான், மிஸ்திரி கையை நீட்டினால் சரியான நம்பர் ஸ்பேனரை வைப்பான். அவன் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பீகாரியோ தமிழனோ, எல்லோருக்கும் அவன் சோட்டுதான்.

நானும் சோட்டுவாக இருந்தவன். 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் தொடங்கியது. டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் வெளியே வந்தார்கள். பரேலில் ஒரு மில்லில் இருந்த என் அப்பாவும் அதில் ஒருவர். ஸ்ட்ரைக் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவே இல்லை, அப்பா மில்லுக்குத் திரும்பவும் இல்லை. பத்தாவது முடித்திருந்த என்னைக் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் கொண்டுபோய் விட்டார்கள். இரண்டு வருடம் இருந்தேன். முதல் எட்டு மாதம் மெஷினைத் தொடவே விடவில்லை. அப்புறம் மிஸ்திரி ஊருக்குப் போகிற நாட்களில் தொட்டேன். கற்றுக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன், திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டேன். முதலாளிக்கும் எனக்கும் சண்டை வந்து வெளியே வந்தபோது இன்னொரு கம்பெனியில் போய் நின்றேன். “என்ன தெரியும்?” என்றார்கள். டர்னிங் தெரியும் என்றேன். “காகிதம் இருக்கா?” என்றார்கள். அந்த இரண்டு வருடம் நான் எங்கே இருந்தேன் என்பதற்கு மிஸ்திரியின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த மிஸ்திரியும் என்னை ‘சோட்டு’ என்றுதான் அறிவார்.

அதே வருடம் எங்கள் சாலில் (ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் குடியிருப்பில்) அடுத்த அறைப் பையன் டாக்யார்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். சாயங்காலம் கை கொப்பளித்து வருவான். ஒரு இரும்புக் கட்டையை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, ஆறு பக்கமும் சதுரமாக்க வேண்டும். ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டத்தை) வைத்து விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்களாம். இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் திரும்ப ராவு. வாரக்கணக்கில் இதே வேலை. நான் அவனைப் பார்த்துச் சிரிப்பேன், என் பட்டறையில் அந்தக் கட்டையை மெஷினில் போட்டால் அரை மணி நேரம். அவன் கை எதைக் கற்றுக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. வெர்னியரில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசத்தை அவன் விரல் முதலில் சொல்லிவிடும், அப்புறம்தான் கருவி சொல்லும்.

சரி, காகிதத்துக்கு வருவோம். 1961-இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, நடுவே பல திருத்தங்களோடு. அதன்படி அப்ரண்டிஸ் என்பவன் எழுத்தில் ஒப்பந்தம் போட்டவன். பதினெட்டு ஆகாதவன் என்றால் அவனுக்காக அப்பா அம்மா கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தம் அரசாங்கத்தில் பதிவாக வேண்டும், இப்போது அதை ஆன்லைனிலேயே செய்கிறார்கள். எந்த ட்ரேட் (தொழில் பிரிவு), எத்தனை மாதம், எவ்வளவு ஸ்டைபண்ட் (பயிற்சிக் கால உதவித்தொகை) எல்லாம் அதில் இருக்கும். முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ். ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது, சொல்வதென்றால் அப்ரண்டிஸ் ஆலோசகர் என்ற அரசு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும். பயிற்சியின்போது அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் அப்பாவிடம் மறைக்காதீர்கள். அப்ரண்டிஸ் தொழிலாளி கிடையாது, பயிற்சி பெறுபவன். வேலை நேரம், பாதுகாப்பு போன்ற சிலவற்றைத் தவிர மற்ற தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குச் செல்லாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய. வருடா வருடம் புது அப்ரண்டிஸ்களை எடுத்து, நிரந்தர ஆள் செய்ய வேண்டிய வேலையை மலிவாக வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே போகிறவனும் சோட்டுதான், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய சோட்டு. அதனால் எந்தக் கம்பெனியானாலும் போன வருடம் முடித்த பையன் ஒருவனைத் தேடிப் பிடித்து, “உனக்கு என்ன செய்யத் தெரிகிறது இப்போது?” என்று தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். பேக்கிங் செய்தேன், டிராலி தள்ளினேன் என்று பதில் வந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். சேருவதற்கு நம்மிடம் பணம் கேட்கிற இடம் என்றால் கும்பிடு கூட வேண்டாம்.

இப்போது மாமா. (மாமா படிப்பார் என்பதால் மரியாதையாகவே சொல்கிறேன்.) 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் கட்டாயம் அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும், ஆள்பலத்தில் இரண்டரை முதல் 15 சதவீதம் வரை. அதற்குக் கீழே, குறைந்தது நான்கு பேர் உள்ள சின்னக் கடைகள் விரும்பினால் எடுக்கலாம். ஒன்பது பேர் வைத்திருக்கும் மாமா தாராளமாகப் பதிவு செய்துகொண்டு உங்கள் தம்பியை முறையாகச் சேர்க்கலாம். ஆனால் நாலாயிரம் போதாது. 2019 விதிகளில் பத்தாவது தேறியவனுக்குக் குறைந்தபட்சம் மாதம் 6000, இரண்டாம் வருடம் அதற்கு மேல் பத்து சதவீதம். 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் இந்தத் தொகைகளை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரை செய்தது, ஆகவே கையெழுத்துப் போடும் நாளில் நடப்புத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா பயப்பட வேண்டாம், தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் ஸ்டைபண்டின் கால் பங்கை, மாதம் 1500 ரூபாய் வரை, மத்திய அரசு தருகிறது. பையனின் வங்கிக் கணக்குக்கே வந்துவிடும்.

இதையெல்லாம் கேட்டு மாமா, “சொந்த அக்கா பையனுக்கு எதுக்குப்பா அக்ரிமெண்ட்” என்பார். என் பட்டறை முதலாளியும் அப்பாவுக்குத் தெரிந்தவர்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: கடையில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வெட்டும், வளைக்கும் மெஷின்) இருக்கிறதா? அதில் விரல் இழந்தவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும், இரண்டு பேரும் பதினெட்டு நிரம்பாத வயதில். ஆபத்தான தொழில்களின் ட்ரேடுகளுக்கு அப்ரண்டிஸ் வயதே பதினெட்டு என்றுதான் சட்டம் வைத்திருக்கிறது. தம்பிக்குப் பதினாறு. மாமா நல்லவராகவே இருக்கட்டும், பிரஸ்ஸுக்கு உறவுமுறை தெரியாது.

மஸகான் டாக் பற்றி உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னது சரி. மும்பையில் ஐடிஐ படிக்காமல், பத்தாவது முடித்த கையோடு நேராக ட்ரேட் அப்ரண்டிஸ் ஆக இருக்கிற நல்ல வழிகளில் அது ஒன்று. மூன்று பிரிவாக எடுக்கிறார்கள்: பத்தாவது தேறியவர்கள், ஐடிஐ முடித்தவர்கள், எட்டாவது தேறியவர்கள். பத்தாவதுக்காரர்களுக்கு எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், பைப் ஃபிட்டர், ஸ்ட்ரக்சுரல் ஃபிட்டர் போன்ற ட்ரேடுகள், 2 வருடம். கம்ப்யூட்டரில் தேர்வு உண்டு, கணக்கும் அறிவியலும் கேட்பார்கள், தம்பிக்குக் கணக்கு கைகொடுக்கும். போட்டி கடுமை. வயது வரம்பு உண்டு, அதனால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். டாக்யார்டு ரோடு ஹார்பர் லைனில்தான் இருக்கிறது, நீங்கள் ஜிடிபி நகரில் ஏறினால் ஒரே வண்டி. அங்கேயும் வேலை உறுதி இல்லை. ஆனால் பின்னால் குறிப்பிட்ட காலத்துக்கான வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது அவர்கள் கேட்கும் தகுதியே அந்தத் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ்தான்.

பெரியம்மாவுக்கு ஒரு தகவல். இந்தியாவில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல் வகையின் முதல் கப்பலுக்கு ஐஎன்எஸ் நீலகிரி என்று பெயர். 1972-இல் மஸகான் டாக்கிலிருந்து கடற்படைக்குப் போனது. அது ஓய்வு பெற்று, அதே பெயரில் அதே இடத்தில் கட்டிய புது நீலகிரி 2025 ஜனவரியில் சேர்ந்திருக்கிறது. ஐஎன்எஸ் சென்னையும் அங்கே கட்டியதுதான். நம் மலையையும் நம் ஊரையும் மும்பையில் தகடு தகடாக வெல்டிங் செய்து கடலில் விட்டிருக்கிறார்கள். படிப்பு ஏறாதவர்களா கட்டினார்கள்? ட்ராயிங் படிக்கத் தெரியாதவனால் அங்கே ஒரு பைப்பைக்கூட மாட்ட முடியாது.

ரயில்வே பக்கமும் பார்க்கலாம். பரேல், மாதுங்கா பணிமனைகளில் அப்ரண்டிஸ் எடுக்கிறார்கள், ஆனால் அதற்குப் பத்தாவதோடு ஐடிஐயும் வேண்டும். அங்கே ஒரு லாபம் உண்டு: ரயில்வேயின் லெவல் 1 எனப்படும் அடிமட்ட நிலை வேலைகளில் 20 சதவீத இடம் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு.

உங்கள் அப்பாவை நான் மறக்கவில்லை. இந்தப் பேச்சில் அதிகம் யோசித்துப் பேசுகிறவர் அவர்தான் என்றுகூடத் தோன்றுகிறது. பன்னிரண்டாவது இல்லாமல் பல பரீட்சைகளுக்கு விண்ணப்பமே போட முடியாது, அது உண்மை. அதற்கும் வழி இருக்கிறது. பத்தாவதுக்கு மேல் 2 வருட ஐடிஐ முடித்தவன் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மீதிப் பாடங்களை எழுதிப் பன்னிரண்டாவது சான்றிதழ் வாங்கலாம். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரவும் முடியும். அப்பா கேட்கும் பன்னிரண்டு தம்பிக்குக் கிடைக்கும், வேறு ரோட்டில் சுற்றி வரும், அவ்வளவுதான்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைச் செய்வேன். மஸகான் டாக் அறிவிப்புக்குக் காத்திருந்து எழுத வைப்பேன். அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க மாட்டேன், குர்லா, முலுண்ட் என்று அரசு ஐடிஐகளுக்கு இப்போதே ஃபாரம் போடுவேன், ஃபிட்டர் முதல் விருப்பம். டாக் கிடைத்தால் அங்கே, கிடைக்காவிட்டால் ஐடிஐ, அப்புறம் ஒரு வருட அப்ரண்டிஸ். எங்கே கையெழுத்துப் போட்டாலும் அதற்கு முன்னால் உட்கார்ந்து முழுதும் படியுங்கள். நடுவில் விட்டுவிட்டுப் போனால் பயிற்சிச் செலவைக் குடும்பத்திடம் கேட்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

மாமாவிடம் முடியாது என்று சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி அவர் கடைக்குப் போகட்டும், பிரஸ் பக்கம் மட்டும் போகாமல். சம்பளம் வாங்க வேண்டாம். முதல் நாள் போனதும் மாமா கையால் அவனுக்கு ஒரு இரும்புக் கட்டையும் ஒரு அரமும் கொடுக்கச் சொல்லுங்கள். ட்ரை ஸ்கொயர் என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, முகவரி அனுப்பினால் தபாலில் போடுகிறேன்.