சத்தம் வருது, படம் வரலை!

கேள்வி: பழைய விசிஆரில் அக்கா கல்யாண கேசட் போட்டால் சத்தம் மட்டும் வருகிறது, திரை முழுக்கப் புள்ளி. செலவில்லாமல் சரிசெய்ய வழி உண்டா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: உண்டு. விசிஆருக்குள் சுழலும் உருளையில் இருக்கிற, டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் வீடியோ ஹெட்டில் அழுக்கு சேர்ந்திருக்கும். சத்தத்துக்குத் தனி ஹெட், அதனால்தான் அது தப்பித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைத் தாளை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து உருளைமேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையின் மேல்விளிம்பை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். பஞ்சு வேண்டவே வேண்டாம், மேலும் கீழும் தேய்த்தால் ஹெட் உடைந்துவிடும். நன்றாகக் காயட்டும். அப்புறம், உங்களுடையது சாரல் ஊர், டேப் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அந்த கேசட்டைப் போடாதீர்கள், ஹெட்டிலும் ஒட்டிக்கொள்ளும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் உற்பத்தியை நிறுத்தியதோடு புது விசிஆர் கதை முடிந்தது. பழைய இரும்புக் கடையில் அதே மாடல் கிடைத்தால் உதிரிபாகத்துக்கு வாங்கிவையுங்கள். படம் தெரிந்த அன்றைக்கே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள்.