விமானத்தின் பவர் கன்வர்ட்டரைக் காக்க ஒரு ஃப்யூஸ் போதாதா?

கேள்வி: விமானத்தில் உள்ள பவர் கன்வர்ட்டர்களை ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து எப்படிக் காக்கிறார்கள்? நல்ல ஃப்யூஸ் ஒன்று போட்டால் போதாதா? சூப்பர் கண்டக்டர் வைத்துத் தடுக்கலாம் என்கிறார்களே, அது நடக்கிற காரியமா?

ஃப்யூஸ் போடலாம், போடவும் செய்கிறார்கள். ஆனால் அதை நம்பிக் கன்வர்ட்டரை, அதாவது மின்சாரத்தை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பெட்டியை, விட முடியாது. ஃப்யூஸ் உருகி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் செமிகண்டக்டர்கள் பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். பெட்டி வெடித்துத் தீ பரவாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. பவர் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இது முழுக்க முழுக்க நேரத்தோடு நடக்கும் சண்டை.

பழைய விமானங்களில் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம். அந்த கரண்ட் நொடிக்கு 800 முறை பூஜ்யத்தைத் தொடும். பிரேக்கர் திறக்கும்போது வரும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணைந்துவிடும். போயிங் 787 போன்ற விமானத்தில் ஜெனரேட்டர் 230 வோல்ட் ஏ.சி. கொடுக்க, அதில் ஒரு பகுதியை ±270 வோல்ட் டி.சி.யாக மாற்றிப் பெரிய மோட்டார்களுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு கம்பிகளுக்கும் நடுவே 540 வோல்ட். டி.சி.யில் பூஜ்யம் என்ற சலுகையே கிடையாது. லைனை இணைத்துப் பிரிக்கும் பெரிய சுவிட்சான காண்டாக்டரைத் திறந்தாலும் ஆர்க், அதாவது அந்தத் தீப்பொறி, விடாமல் எரியும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதும் சுலபம்.

சரி, இந்த 540 வோல்ட் லைனில் ஷார்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெனரேட்டரிலிருந்துதான் பெரிய கரண்ட் பாயும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் அடி கொடுப்பது அது இல்லை, மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கும் கன்வர்ட்டரின் சொந்த கெபாசிட்டர். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கெபாசிட்டர் 500 மைக்ரோ ஃபேரட், ஷார்ட் ஆன இடம் வரை உள்ள இண்டக்டன்ஸ் (கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) 2 மைக்ரோ ஹென்றி. ரெசிஸ்டன்ஸை விட்டுவிட்டால், உச்ச கரண்ட் ஏறக்குறைய 8,500 ஆம்பியர். அது வந்து சேர எடுக்கும் நேரம் 50 மைக்ரோ விநாடி. சாதாரண காண்டாக்டர் திறக்கவே சில மில்லி விநாடி ஆகும். அது அசைவதற்குள் கதை முடிந்துவிடும்.

அப்புறம் வருவது இன்னும் மோசம். கெபாசிட்டர் காலியானதும் கேபிளின் இண்டக்டன்ஸில் சேர்ந்திருக்கும் கரண்ட் நிற்காது. ஐ.ஜி.பி.டி. என்ற செமிகண்டக்டர் சுவிட்சுகளோடு எதிர்த்திசையில் கட்டியிருக்கும் டயோடுகள் (ஒரு திசையில் மட்டும் கரண்டை விடுபவை) வழியாகச் சுற்றும். ஆயிரக்கணக்கான ஆம்பியர் தாங்க அந்த டயோடுகளைச் செய்யவில்லை. ஐ.ஜி.பி.டி.யின் கேட்டை, அதாவது அதை இயக்கும் முனையை, அணைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அணைத்தாலும் டயோடு திறந்த கதவுதான். மூன்றாவதாக, ஜெனரேட்டர் அதே டயோடுகள் வழியாக ஷார்ட்டுக்குக் கரண்ட் ஊட்டிக்கொண்டே இருக்கும். ஆக, வெளியில் நடக்கும் டி.சி. ஷார்ட்டிலிருந்து சாதாரணக் கன்வர்ட்டர் தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாது. இந்தத் துறையின் தலைவலி எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

கன்வர்ட்டருக்கு உள்ளேயே ஒரு லெக்கின் (மேலும் கீழுமாகத் தொடுத்த சுவிட்ச் ஜோடியின்) மேல் சுவிட்சும் கீழ் சுவிட்சும் ஒன்றாக ஆன் ஆகிவிட்டால் அது வேறு கதை. அதை சுவிட்சை ஆன், ஆஃப் செய்யும் கேட் டிரைவர் சர்க்யூட்டே பிடிக்கும். சுவிட்ச் ஆன் ஆன பிறகும் அதன் குறுக்கே வோல்டேஜ் இறங்கவில்லை என்றால் ஷார்ட் என்று கொண்டு அணைத்துவிடும். ஐ.ஜி.பி.டி. பொதுவாக 10 மைக்ரோ விநாடி வரை தாங்கும். சிலிக்கான் கார்பைடு மாஸ்ஃபெட் என்ற இன்னொரு வகை சுவிட்சுக்கு 2, 3 மைக்ரோ விநாடிதான் கிடைக்கும். எடை குறையும் என்று எல்லோரும் அதற்குத் தாவுகிறார்கள், பாதுகாப்பு சர்க்யூட் செய்பவனுக்குத்தான் தூக்கம் போகிறது.

வெளி ஷார்ட்டுக்குச் சரியான விடை சாலிட் ஸ்டேட் பிரேக்கர், அதாவது அசையும் பாகம் இல்லாமல் செமிகண்டக்டராலேயே லைனை வெட்டுவது. மைக்ரோ விநாடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று சூடு: 10 மில்லி ஓம் உள்ள சுவிட்சில் 200 ஆம்பியர் ஓடினால் பயணம் முழுக்க 400 வாட் வீணாகும். அதைக் குளிர்விக்கும் ஏற்பாடும் ஒரு சுமைதான். இன்னொன்று வோல்டேஜ் துள்ளல்: 20 மைக்ரோ ஹென்றி கேபிளில் ஓடும் 1,000 ஆம்பியரை ஒரு மைக்ரோ விநாடியில் வெட்டினால் கணக்குப்படி 20,000 வோல்ட் எழும். சுவிட்சே செத்துவிடும். அதனால் பக்கத்தில் வோல்டேஜ் எகிறினால் மட்டும் கரண்டை விடும் வேரிஸ்டர் வைத்து அந்த ஆற்றலை உறிஞ்ச வேண்டும், கொஞ்சம் மெதுவாகவும் அணைக்க வேண்டும்.

வேகம் மட்டும் இருந்தால் போதாது. ஒரு கிளையில் ஷார்ட் ஆனால், அதே பஸ்ஸில் (கிளைகள் எல்லாம் சேரும் பொது மின் லைனில்) உள்ள மற்றக் கன்வர்ட்டர்களின் கெபாசிட்டர்களும் அங்கேதான் கொட்டும். நல்ல கிளைகளின் பிரேக்கர்களும் அந்த கரண்டைப் பார்த்து டிரிப் ஆகிவிட்டால், ஒரு பழுதுக்காக முழு பஸ்ஸும் இருட்டாகும். பறக்கும்போது அது ஷார்ட்டை விடப் பெரிய ஆபத்து. கரண்ட் எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்துப் பழுதான கிளையை மட்டும் வெட்டுவதில்தான் உண்மையான திறமை இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பழுதும் உண்டு. இன்சுலேஷன் உரிந்த கம்பியில் விட்டுவிட்டு வரும் ஆர்க். இதில் கரண்ட் பெரிதாக ஏறாது, பிரேக்கருக்கு ஒன்றுமே தெரியாது. 1998 செப்டம்பர் 2 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே கடலில் விழுந்த ஸ்விஸ்ஏர் 111 விமானத்தில் 229 பேர் இறந்தார்கள். கம்பியில் எழுந்த ஆர்க்கிலிருந்துதான் தீ தொடங்கியிருக்க வேண்டும் என்றும், அந்த விமானத்தில் இருந்த வகை பிரேக்கர்களால் எல்லா ஆர்க்குகளையும் பிடிக்க முடியாது என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. கரண்டின் அளவோடு நிற்காமல் அதன் நடுக்கத்தையும் படிக்கும் ஆர்க் ஃபால்ட் பிரேக்கர் தேவைப்படுவது இதனால்தான்.

ஜெனரேட்டர் பக்கம் சுருக்கமாக: ஃபீல்டு சுருள் உள்ள ஜெனரேட்டரில் ஃபீல்டைத் துண்டித்தால் வோல்டேஜ் இறங்கிவிடும். நிரந்தரக் காந்தம் வைத்ததில் அப்படி எதுவும் செய்ய முடியாது. இன்ஜின் சுழலும் வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். எடை குறைவு என்று அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

கடைசியாக சூப்பர் கண்டக்டர். தத்துவம் அருமையானது: குளிர்ந்த நிலையில் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய பூஜ்யம், கரண்ட் ஒரு எல்லையைத் தாண்டியதும் தானாகவே ரெசிஸ்டன்ஸ் எழுந்துவிடும். சென்சாரும் வேண்டாம், சாஃப்ட்வேரும் வேண்டாம். ஆனால் கரண்டை அது கட்டுப்படுத்துமே தவிர வெட்டாது, பின்னால் ஒரு பிரேக்கர் வேண்டும். சூடேறிய பிறகு மறுபடி குளிர்ந்து பழைய நிலைக்கு வரவும் நேரம் பிடிக்கும். இப்படி ஷார்ட் கரண்டைக் கட்டுப்படுத்தும் ஃபால்ட் லிமிட்டருக்காக மட்டும் ஒரு குளிரூட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பறப்பது கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. கேபிளும் மோட்டாரும் ஏற்கெனவே சூப்பர் கண்டக்டராக உள்ள விமானத்தில் குளிர்ச்சி இருக்கத்தான் போகிறது. அங்கே வைத்தால் நியாயம். ஏர்பஸ் 2021-ல் அறிவித்த அசெண்ட் என்ற 500 கிலோவாட் திட்டம் அப்படிப்பட்ட மின்னமைப்பைச் சோதிப்பதற்காகத்தான்.